‘காக்கா முட்டை’ பார்க்கச் சொன்னால் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நல்ல தமிழ்ப் படம் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது ‘காக்கா முட்டை’தான். சொன்னதும் சந்தேகங்கள் ஆரம்பித்துவிடும். பார்த்துவிட்டு வந்தவர்களிடம் வேறு வகைச் சந்தேகங்கள் இருக்கும். சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் முதல் ஐந்து கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் முடிவு வரை எல்லாவற்றையும் பேசியிருக்கிறேன்.

“என்ன படம் அது? சுருக்கமா கதையைச் சொல்லுங்க.”

சென்னை சைதாப்பேட்டையில், கூவம் மாதிரியே கறுத்து ஓடும் அடையாற்றுப் பக்கத்துச் சேரியில் அண்ணன் தம்பி இருவர் இருக்கிறார்கள். அப்பா ஜெயிலில். அம்மா வேலைக்குப் போகிறாள், வீட்டில் ஆயா, அதாவது பாட்டி, இருக்கிறாள். பையன்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தண்டவாளத்தில் சரக்கு ரயில் சிந்திவிட்டுப் போகும் கரியைப் பொறுக்கி விற்கிறார்கள். அவர்கள் விளையாடும் இடத்தை வளைத்து ஒரு பீட்சாக் கடை வருகிறது. திறந்து வைக்க சிம்பு வருகிறார், நிஜ சிம்புவே. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே ஆசை, அந்தப் பீட்சாவைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். விலை கிட்டத்தட்ட 300 ரூபாய்.

எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கியவர் ம. மணிகண்டன். இது அவருடைய முதல் முழுநீளப் படம். தயாரித்தவர்கள் தனுஷும் வெற்றிமாறனும். 2014 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிட்டார்கள். இங்கே தியேட்டருக்கு வந்தது 2015 ஜூன் 5.

“காக்கா முட்டையை நிஜமாவே குடிப்பாங்களா? தலைப்பே ஒரு மாதிரி இருக்கே.”

படத்தில் குடிக்கிறார்கள். நீங்கள் முயல வேண்டாம், பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருக்கலாம். காக்கா முட்டை சின்னது. இளநீல பச்சையில் பழுப்புப் புள்ளி போட்டிருக்கும். கோழி முட்டை வாங்கக் காசில்லாத வீட்டில் மரத்தில் இருக்கும் முட்டை சத்துதான். அதைக் குடிப்பதால்தான் இவர்கள் பெரிய காக்கா முட்டை, சின்ன காக்கா முட்டை. அந்தப் பெயரை அவர்கள் அவமானமாக நினைப்பதே இல்லை.

படத்தின் ஆரம்பத்தில் வரும் அந்தக் காட்சியை விட்டுவிடாதீர்கள். காகங்களுக்குச் சோற்றைப் போட்டு அவற்றின் கவனத்தைத் திருப்பிவிட்டு அண்ணன் மரமேறுகிறான். கூட்டில் மூன்று முட்டை. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறான். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, காக்காவுக்கு ஒன்று என்பது அவர்கள் கணக்கு. யாரும் சொல்லிக் கொடுத்த நீதிபோதனை மாதிரி அதைக் காட்டவில்லை, பங்கு போடுகிறார்கள், அவ்வளவுதான். பீட்சாக் கடைக்காக வெட்டப்படுவது அந்த மரம்.

“சேரியைப் பத்தின படம்னா ஒரே அழுகையா இருக்குமே?”

இருக்காது. நான் தியேட்டரில் பார்த்தபோது முதல் பாதி முழுக்கச் சிரிப்புச் சத்தம்தான். பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் பணக்காரப் பையன் தன் நாய் 25,000 ரூபாய் என்று சொன்னதும், இவர்கள் தங்கள் தெருநாய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு அதே 25,000-க்கு விற்கக் கிளம்புவார்கள். பையன்களின் முகத்தில் துளி சந்தேகம் இருக்காது. நாய் என்றால் நாய், அதன் விலை 25,000. நாம் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அந்த விலையைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

கண் கலங்கும் இடமும் உண்டு. ஆனால் அங்கே வயலின் அழுவதில்லை. ஜி. வி. பிரகாஷ்குமாரின் இசை அடக்கி வாசிக்கிறது. பாடல் வரிகள் நா. முத்துக்குமார்.

“குழந்தைங்களோட சேர்ந்து பாக்கலாமா?”

தாராளமாக. ‘யு’ சான்றிதழ் பெற்ற படம். 2014-ஆம் ஆண்டின் சிறந்த சிறுவர் படத்துக்கான தேசிய விருதும் இதற்குத்தான். சென்னைப் பேச்சில் சில திட்டு வார்த்தைகள் வரும், ஒரு சாவு வரும், ஒரு பையனைப் பெரியவர் ஒருவர் அறையும் காட்சி வரும். அந்த அறைக்கப்புறம் உங்கள் பிள்ளை “ஏன் அடிச்சாங்க?” என்று கேட்கும். பதில் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், நான் பார்த்த வீடுகளில் எல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

“விருது வாங்கின படம் மெதுவாத்தானே போகும்?”

இரண்டு மணி நேரம்கூட இல்லை. சண்டை, டூயட் எதுவும் கிடையாது, ஆனாலும் அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்ற ஆவல் கடைசிவரை இறங்காது. பணம் சேர்க்க வேண்டும், சேர்ந்தால் கடைக்குள் போக வேண்டும், போக நல்ல உடுப்பு வேண்டும் என்று ஒவ்வொரு தடையாக வருகிறது. படத்தொகுப்பு கிஷோர். படம் வெளிவருவதற்கு முன்பே, 2015 மார்ச்சில் காலமாகிவிட்டார். மிகவும் இளம் வயது. இன்னும் எவ்வளவோ செய்திருக்க வேண்டியவர்.

“அந்த ரெண்டு பசங்களும் நடிக்கிற மாதிரியே தெரியலையே, எப்படி?”

பெரியவனாக வருபவர் விக்னேஷ், சின்னவனாக வருபவர் ரமேஷ். இருவருக்கும் சேர்த்து சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. வழக்கமாகத் தமிழ்ப் படத்துச் சிறுவர்கள் பெரிய மனிதர் மாதிரி பஞ்ச் பேசுவார்கள். இவர்கள் அப்படி ஒரு வார்த்தை பேசுவதில்லை. தம்பி இன்னும் தூக்கத்தில் பாயை நனைக்கிற பையன். அண்ணன் பேசுவது குறைவு, முடிவெடுப்பது எல்லாம் அவன்தான். தம்பி ஏதாவது சொல்லிவிட்டு அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வான். வீட்டில் இரண்டு பையன்கள் இருப்பவர்களுக்கு அந்தப் பார்வை உடனே புரியும்.

இவர்களைப் பாராட்டும் வேகத்தில் பலரும் அம்மாவையும் ஆயாவையும் விட்டுவிடுகிறார்கள். ஐஸ்வர்யா ராஜேஷ் அப்போது இளம் நடிகை. இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவாக, மேக்கப் இல்லாமல், சோர்ந்த முகத்தோடு வருகிறார். சாந்திமணி பாட்டி வீட்டின் அச்சாணி. பீட்சா நோட்டீஸில் இருக்கும் படத்தைப் பார்த்து, தோசை மாவை ஊற்றி, மேலே காய்களை அடுக்கி அவர் ஒரு பீட்சா சுட்டுக் கொடுப்பார். பீட்சா என்றால் நூல் நூலாக வர வேண்டும், இது வரவில்லையே என்று பேரன்கள் குறை சொல்வார்கள். பாட்டி முகம் லேசாக வாடும். அந்தத் தோசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

“சாப்பாட்டுக்கே கஷ்டம், ஆனா வீட்டுல டிவி. நம்புற மாதிரி இல்லையே?”

சென்னையில் ரேஷன் கார்டு வைத்திருந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். 2006-இல் வந்த திமுக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு டிவி போனது. 2011-இல் வந்த அதிமுக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஒழுகும் கூரைக்குக் கீழே கலர் டிவி இருந்தது இந்த ஊரின் நிஜம்.

இலவசங்களைக் கிண்டல் செய்வதற்காக மணிகண்டன் இதை வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. கதையில் டிவிக்கு ஒரு வேலை இருக்கிறது. பீட்சா விளம்பரம் அந்தப் பெட்டி வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. ஆசை வாசல் வரை இலவசமாக வந்துவிட்டது, பொருளுக்குத்தான் 300 ரூபாய் வேண்டும்.

“300 ரூபாய் சேத்தாங்களே, அதுக்கு அரிசி பருப்பு வாங்கிருக்கலாமே?”

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதுதான். கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஆனாலும் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் வலிக்கும். உங்கள் பையன் பத்து வயதில் உண்டியலை உடைத்து என்ன வாங்கினான்? அரிசியா?

ஏழை வீட்டுப் பிள்ளை ஆசைப்பட்டால் மட்டும் நாம் கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறோம். கரி பொறுக்கி வரும் காசில் வீட்டுக்கும் கொடுக்கிறார்கள் அந்தப் பையன்கள். மேற்கொண்டு உழைத்து, ரூபாய் ரூபாயாகச் சேர்த்து, ஒரு தடவை ஒரு பொருளை ருசி பார்க்க நினைக்கிறார்கள். ரயில்வேயில் வேலை பார்க்கும் பழரசம் என்ற மனிதர் ஒருவர் வருகிறார், ஜோ மல்லூரி நடித்திருக்கிறார். அவர் இவர்களிடம் ‘உனக்கெதற்கு பீட்சா’ என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. கரி எங்கே அதிகம் கிடைக்கும் என்று வழி காட்டுகிறார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பெரியவர் அவர்தான்.

இதையே திருப்பிக் கேட்டார் ஒருவர். பள்ளிக்கூடம் போயிருந்தால் முட்டையே கிடைத்திருக்குமே என்றார். சரியான கேள்வி. 2010-இலிருந்தே தமிழ்நாட்டுச் சத்துணவில் வாரத்துக்கு 5 முட்டை உண்டு. படிப்பு நின்றதும் அதுவும் நின்றுவிடுகிறது. அப்பா ஜெயிலுக்குப் போனால் ஒரு வீட்டில் என்னென்ன நிற்கும் என்பதைப் படம் வசனத்தில் பட்டியல் போடாமல், மரமேறும் பையனைக் காட்டி முடித்துவிடுகிறது.

“அந்தப் பணக்காரப் பையன் மிச்ச பீட்சாவைக் கொடுத்தானே, பெரியவன் ஏன் வாங்கலை?”

வாங்கியிருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நல்ல மனம் படைத்த பையன்தான் நிற்கிறான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தம்பிக்குக் கை நீளுகிறது. அண்ணன் தடுத்துவிடுகிறான். சாப்பிட்டு மிஞ்சியதை வாங்கக் கூடாது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அம்மா சொன்னதாகக் காட்டவில்லை, ஆயாவும் சொல்லவில்லை. அந்த வயதில் அது அவனாக எடுத்த முடிவு.

சேரியைக் காட்டிய எத்தனையோ படங்களைவிட இந்தப் படத்தை நான் தூக்கிப் பிடிப்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். இவர்களுக்கு வேண்டியது பீட்சா மட்டும் அல்ல, கடைக்குள் நடந்துபோய், காசு கொடுத்து, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உடுப்பு விஷயத்திலும் அப்படித்தான். பெரிய மால் வாசலில் புதுத்துணி வாங்கிக்கொண்டு நிற்கும் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பானிபூரி வேண்டும், அப்பா வாங்கித் தர மறுக்கிறார். இவர்கள் பானிபூரியைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்கிறார்கள். அது பிச்சை இல்லை, பண்டமாற்று. இவர்களுக்குப் பீட்சா எட்டாத மாதிரி அந்தப் பிள்ளைகளுக்குப் பானிபூரி எட்டவில்லை என்பதை இயக்குநர் கோடு போட்டுக் காட்டாமல் விட்டிருப்பது இன்னும் அழகு.

“புதுத்துணி போட்டுட்டுப் போயும் அடிக்கிறது கொஞ்சம் ஓவரா இல்லையா? இப்பல்லாம் யாரு அடிக்கிறா?”

கையால் அடிப்பது குறைந்திருக்கலாம். வாசலில் நிற்கும் காவலாளி யாரை நிறுத்திக் கேள்வி கேட்கிறார், யாருக்குக் கதவைத் திறந்து சல்யூட் வைக்கிறார் என்று அடுத்த தடவை மாலுக்குப் போகும்போது பத்து நிமிடம் நின்று பாருங்கள். துணி பார்த்து மட்டும் நடப்பதில்லை அது. தோல் நிறம், தலைமுடி, நடக்கிற விதம், பேசுகிற தமிழ் எல்லாவற்றையும் எடை போடுகிறார்கள்.

பையன்களுக்கு முதல் தடவை விரட்டப்பட்டபோது துணிதான் காரணம் என்று நம்பிக்கை. அதைச் சரிசெய்துவிட்டு, கையில் காசோடு, சிரித்த முகத்தோடு திரும்பி வருகிறார்கள். அறை விழுகிறது. அண்ணன் அழவில்லை. தம்பிக்கு எதிரில் அடி வாங்கிய கூச்சம்தான் அந்த முகத்தில் தெரிகிறது. வீட்டுக்குப் போனால் அங்கே ஆயா இறந்து கிடக்கிறாள். அடி வாங்கியதை யாரிடமும் சொல்லக்கூட நேரம் இல்லை.

“அந்த வீடியோ சமாச்சாரம் எதுக்கு? பசங்க கதை நல்லாத்தானே போயிட்டிருந்தது?”

அறை விழுவதை ஒரு பையன் செல்போனில் எடுத்துவிடுகிறான். அதை வைத்துப் பகுதி ஆட்கள் இருவர், ரமேஷ் திலக்கும் யோகி பாபுவும், கடைக்காரரிடம் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள். அப்புறம் டிவி சேனல், அரசியல்வாதி, போலீஸ் என்று ஊரே கூடிவிடுகிறது. இந்தப் பகுதி கொஞ்சம் நீளம் என்பது உண்மைதான். எனக்கும் பையன்கள் திரையில் இல்லாத நேரத்தில் படம் ஒரு படி இறங்கியது போல இருந்தது.

இருந்தாலும் தேவை இருக்கிறது. இரண்டு பையன்கள் பட்ட அடியால் யார் யாருக்கோ லாபம் வருகிறது. சம்பந்தப்பட்ட இருவருக்கும் மட்டும் வீடியோ ஒன்று இருப்பதே சரியாகத் தெரியாது. டிவி மைக்குகள் அவர்களைத் தேடும்போது அவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“கடைசியில ஆயா தோசையே நல்லா இருந்துச்சுங்கிறாங்க. ஏழைங்க இருக்கிறதை வெச்சு திருப்தியா இருக்கணும்னு சொல்ற மாதிரி இல்லையா?”

பேர் கெட்டுப்போனதற்குப் பயந்து பீட்சாக் கடை முதலாளி (பாபு ஆண்டனி) பையன்களைச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்று, பீட்சா ஊட்டிவிடுகிறார். ஒரு கடி கடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார்கள். ஆயா சுட்டதே பரவாயில்லை என்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, ‘பாரு, நம்ம ஊர்ச் சாப்பாடுதான் உசத்தி’ என்று நெஞ்சை நிமிர்த்தியவர்களும் உண்டு, உங்களைப் போல ‘இது ஏழைகளை அடக்கி வைக்கிற பேச்சு’ என்று கோபப்பட்டவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை.

பிடிக்கவில்லை என்று சொல்ல முதலில் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். படம் முழுக்க அவர்கள் போராடியது அந்த ஒரு கடிக்குத்தான். கடித்தார்கள், பிடிக்கவில்லை, சொன்னார்கள். காசுள்ள வீட்டுப் பிள்ளை ஹோட்டலில் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பதில் நாம் எந்தத் தத்துவத்தையும் தேடுவதில்லை. இந்தப் பையன்களுக்கும் அந்தச் சலுகை உண்டுதானே?

இன்னொன்று, இவர்களுக்கு அந்தப் பீட்சா கிடைத்த விதம். மேலே சொன்ன வேலிக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்க வந்தவர்களுக்குக் கடைசியில் இலவசமாக, கேமரா முன்னால், யாரோ ஊட்டி விடுகிறார்கள். கிடைத்தது அவர்கள் கேட்டது இல்லை. ஆயாவின் தோசையோ அவர்களுக்காக, அவர்கள் ஆசைப்பட்டதைப் பார்த்துப் பார்த்துச் சுட்டது. அவள் இப்போது இல்லை. அதுவும் அந்த ருசியில் கலந்திருக்கிறது. இதை எல்லாம் கழித்துவிட்டு தோசையா பீட்சாவா என்று மட்டும் பட்டிமன்றம் நடத்தினால் பையன்களை மறந்துவிடுவோம்.

“படத்துல சாதியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?”

இல்லை. இது ஒரு குறைதான், சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். சென்னைச் சேரிகளில் பெரும்பாலும் யார் வாழ்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். கடை வாசலில் விழும் அறையில் சாதிக்குப் பங்கு உண்டு, படம் அதை வர்க்கம் என்ற அளவிலேயே நிறுத்திக்கொள்கிறது. முந்தைய ஆண்டு வந்த பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ வடசென்னைக் குடியிருப்பை வைத்து அந்த அரசியலை நேராகப் பேசியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒன்று விட்ட இடத்தில் மற்றது பேசும்.

“ஸ்லம்டாக் மில்லியனர் மாதிரி வறுமையைக் காட்டிக் காசு பாக்குறதுதானே இதுவும்?”

2008-இல் வந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ 8 ஆஸ்கர் வாங்கியது. அதில் இரண்டு நம் ஏ. ஆர். ரஹ்மானுக்கு. எனக்கும் அந்தப் படத்தின் வேகம் பிடிக்கும். அதில் மும்பைச் சேரிப் பையன் கேள்வி-பதில் போட்டியில் கோடி ஜெயித்து வெளியே போகிறான். இங்கே யாரும் எங்கேயும் போவதில்லை. 300 ரூபாயில் ஆரம்பித்த கதை அதே சந்துக்குள் முடிகிறது.

வறுமையை விற்கிறார்களா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி உண்டு. கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். மேலிருந்து தகரக் கூரைகளைக் காட்டி உச்சுக் கொட்ட வைப்பது சுலபம். மணிகண்டன் பெரும்பாலும் பையன்களின் கண் மட்டத்தில் நிற்கிறார். அவர்கள் வாழும் இடம் அவர்களுக்கு அதிசயமும் இல்லை, அவலமும் இல்லை, வீடு. அதனால் பரிதாபப்படச் சொல்லி நம்மை அவர் எங்கேயும் நெருக்குவதில்லை.

“நானும் சைதாப்பேட்டைதான். அந்த மாதிரி இடம் இப்பவும் இருக்கா?”

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சென்னை மாநகராட்சிக்குள் சுமார் 13 லட்சம் பேர் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள், அதாவது நான்கில் ஒருவருக்கு மேல். படம் வெளிவந்து ஆறு மாதத்தில், 2015 டிசம்பர் தொடக்கத்தில், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதில் அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டைக் கரையோர வீடுகள் அடியோடு போயின.

அதற்கப்புறம் ஆற்றோரக் குடும்பங்களைப் பெருமளவில் நகரின் தெற்கு விளிம்பில் இருக்கும் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போய்வந்த பெண்களுக்கு வேலை தூரமாகிவிட்டது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடுவில் மாறியது. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தின் ஆரம்பகாலக் கட்டடங்கள் நகரத்துக்குள்ளேயே, குடிசை இருந்த இடத்திலேயே எழுந்தன. இப்போது மக்களை வெளியே அனுப்புகிறார்கள். வாரியத்தின் பெயரும் 2021-இல் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆகிவிட்டது. நீங்கள் பக்கத்திலேயே இருந்தும் பார்த்ததில்லை என்றால், பாலத்தின் மேல் வண்டியில் போகும்போது ஆற்றுப் பக்கம் திரும்பாமல் போயிருப்பீர்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போகிறோம்.

“எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. இதே டைரக்டரோட வேற எதைப் பாக்கலாம்?”

‘ஆண்டவன் கட்டளை’யில் ஆரம்பியுங்கள். லண்டன் விசாவுக்காக மனைவி என்று பொய்யாக ஒரு பெயரைச் சொல்லி மாட்டிக்கொள்ளும் ஒருவனின் கதை, விஜய் சேதுபதி நடித்தது. அதே 2016-இல் வந்த ‘குற்றமே தண்டனை’ கொஞ்சம் இருட்டான படம், மனசு சரியாக இருக்கும் நாளில் பாருங்கள். 2022-இல் வந்த ‘கடைசி விவசாயி’க்கு மட்டும் அவசரப்படாத ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். அதில் நிஜ விவசாயியான ஒரு முதியவர்தான் நாயகன். பழரசத்தை உங்களுக்குப் பிடித்திருந்தால் அவரையும் பிடிக்கும்.